இரண்டு கையும் வேண்டிய குளம்

துறைமுகத்துக்குள் இயக்கத்துச் சுழியோடிகள் தண்ணீருக்கடியால் நீந்திக் குண்டோடு புகுந்த வருஷம், கொட்டாஞ்சேனை முடுக்கு ஒன்றின் பொதுக்கக்கூசுக்குப் பின்னால் ஒரு மலை இருந்தது. மலைக்கு மேலே ஒரு குளம். பைப்பில் நூலாய் வடியும் தண்ணீருக்கு வாளி வைத்துக் காத்துக் கிடந்த சனத்துக்கு அது தெரியாது. துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் நோபேட்தான், கக்கூசு வரிசையில் நின்று அலுத்துப்போய் மதிலுக்கு அப்பால் எட்டிப் பார்த்து, முதலில் கண்டவன். போகப் பாதை கிடையாது. முள்ளுப் பற்றைக்குள்ளால் நடந்து, வழுக்குப் பாறையைக் கட்டிப்பிடித்து ஏறி, இரண்டு கல்லுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்து, கடைசிப் பாறையில் வயிற்றால் ஊர்ந்தால் பச்சைத் தண்ணீர். ஏறுவதற்கு இரண்டு கையும் வேண்டும். கையில் எதையாவது வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பவனுக்குப் பாசி பிடித்த மதில் மட்டும்தான் தெரியும்.

சீமெந்துத் தூசி அப்பிய உடம்போடு வேலை விட்டு வந்து நோபேட் தினமும் அதில் நீந்தினான். நீந்தியதில் பிழை இல்லை. சந்திச் சோதனைச்சாவடியில் அப்போது, ஐடென்டிட்டி காட்டைப் புரட்டிப் பார்த்த பிறகு, தமிழ் ஆம்பிளைகளிடம் சிப்பாய்கள் சிங்களத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள். "பீனன்ன புளுவன்த?" நீந்துவாயா என்பது கேள்வி. "பே சேர்," முடியாது ஐயா, என்பது பதில். மட்டக்குளி மீன்காரன்கூட, வள்ளத்திலிருந்து விழுந்தால் கல்லுமாதிரித் தாழ்வேன் என்றுதான் சொன்னான். பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுக்கும் வயதிலேயே தாய்மார் இந்தப் பதிலையும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு சனம் முழுக்கத் தண்ணீருக்குப் பயந்த சனமாய் வேஷம் கட்டியது. யாருக்கும் அது வெட்கமாய்ப் படவில்லை. நோபேட்டுக்கு ஒருநாள் பட்டது. தலையிலிருந்து குளத்துத் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றவன், "புளுவன்," முடியும், என்றான்.

ஏற்றிக்கொண்டு போனார்கள். எந்த முகாமில் பழகினாய் என்று அடித்துக் கேட்டார்கள். குளத்தைச் சொன்னான். துவக்கோடு வந்து பார்த்தவர்களுக்கு மதில் தெரிந்தது; பொய்க்கும் சேர்த்து அடித்தார்கள்.

அவன் மனைவி இமெல்டாவுக்கு அவர்கள்மேல் வந்த கோபத்தைவிட, ஆறுதல் சொல்ல வந்தவர்கள்மேல் வந்ததுதான் பெரிது.

"தெரியாதெண்டு ஒரு சொல்லுச் சொன்னா வாய் தேஞ்சு போகுமோ?" என்றாள் பக்கத்து வீட்டு நேசம். "கொழுப்புத்தானே அந்த மனுசனுக்கு."

"ஏன் சொல்லோணும்? களவெடுத்ததோ? குளிச்சது, நேசம். குளிச்சது!"

"கத்தாதயடி. ரோட்டுக்குக் கேக்கும்."

"காதிருந்தாக் கேக்கட்டும்!"

அந்த வேகத்திலேயே செருப்பைக் கழற்றி எறிந்து, உடுத்திருந்த சீத்தைத் துணியை வரிந்து கட்டிக்கொண்டு இமெல்டா மலையில் ஏறினாள். முழங்கால் இரண்டும் உரிந்தன. வாளித் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரில் இறங்கியறியாதவள், கோபத்தில் கையையும் காலையும் அடித்தாள், அது நீச்சலாகிவிட்டது. அவளை இறக்கப் போன நேசம் இருட்டும்வரை இறங்கி வரவில்லை. நேசத்தைத் தேடிப் போனவர்களும் அப்படியே. சில மாதங்களில் பைப்படியில் வாளிகள் மட்டும் வரிசையில் நின்றன.

பிறகு ஒரு காலை, முடுக்குப் பெண்கள் எல்லாரும் ஈரத்தலையோடு சாவடிக்கு வந்தார்கள். பெண்களிடம் கேட்டுப் பழக்கமில்லாத சிப்பாய், இமெல்டாவின் கூந்தலைப் பார்த்துவிட்டுக் கேட்டான். "புளுவன்" என்றாள். "மட்டத் புளுவன்," என்றாள் பின்னால் நின்ற நேசம், நானும்தான் என்று. போதாதென்று, "இவளவிட வடிவா நீந்துவன்" என்று தமிழிலும் சொன்னாள். அவளுக்குப் பின்னால் நின்றவளும் அதையே சொன்னாள். அவர்கள் கூந்தலிலிருந்து வடிந்த தண்ணீர் ரோட்டை நிறைத்து, மணல்மூட்டையைத் தாண்டி, சிப்பாய்களின் கணுக்காலுக்கு வந்தது. அத்தனை பேரையும் ஏற்ற வாகனம் இல்லை. அந்தச் சந்தியில் அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

வழக்கில்லை என்று நோபேட்டை விட்டார்கள். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. மூட்டை தூக்கிய வலது கை தோளுக்கு மேல் எழும்பாமல்தான் திரும்பி வந்தது. ஒற்றைக் கையால் அந்தப் பாறையில் ஏறேலாது. அதனால் அவன் அடிவாரத்தில், கழற்றிவிட்ட செருப்புகளுக்குக் காவலாய் உட்கார்ந்திருப்பான். இமெல்டா இறங்கி வந்து தன் சீத்தையின் தலைப்பை அவன் தலைக்கு மேல் பிழிவாள். ஒரு ஆள் முழுகப் போதுமான தண்ணீர் அந்த முனையிலிருந்து வரும். அதை யாரும் புதினமாய் நின்று பார்ப்பதில்லை.

கொஞ்சக் காலமாகச் செருப்புகளுக்கு நடுவே ஒரு சோடி பூட்ஸும் கிடக்கிறது. துவக்கை எங்கேயோ வைத்துவிட்டு வெறுங்கையோடு ஏறுகிறவனுடையது. யார் என்று யாரும் கேட்பதில்லை, போகச் சொல்வதுமில்லை. இமெல்டா மட்டும், சீத்தையில் மிச்சமிருக்கும் தண்ணீரை அந்தப் பூட்ஸ் இரண்டுக்குள்ளும் விளிம்புவரை பிழிந்து விட்டுவிட்டு, புருஷனை எழுப்பிக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.