பாதிரி வளவுக் கொடி

1

கிட்ட வாருங்கள் பிள்ளைகளே. காலை நீட்டி வசதியாக இருங்கள், ஒரு திராட்சைக் கொடியின் கதை சொல்கிறேன். நீளமில்லை. உலை கொதிப்பதற்குள் முடிந்துவிடும், முடிவு கிடைத்தால்.

இது எப்படித் தொடங்கியது என்பதை முதலே ஒத்துக்கொள்கிறேன். போன வருடம், எழுபத்தெட்டில், சூறாவளி கூரையைக் கொண்டுபோனது. பரணில் மிஞ்சியதை ஒதுக்கும்போது கோரைப்புல்லில் பின்னிய ஒரு பன்கூடை அகப்பட்டது. என்னுடையது அல்ல, ஏறாவூர் ஆமினா உம்மாவுடையது. மூன்று வருடமாகத் திருப்பிக் கொடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வந்த பாத்திரத்தை வெறுமையாக அனுப்புவதில்லை. எதை வைத்து அனுப்புவது என்று யோசித்தேன். யோசனை எழுத்தாகிவிட்டது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"பறங்கிக் கப்பல்கள் வாவி வாயிலில் நங்கூரமிட்ட அந்த நாளில்—" (நான் பார்க்காத கப்பல். விட்டேன்.)

"கொடி என்பது பற்றிக்கொள்ளும் உயிர். மனிதரும்—" (இது பிரசங்கம். பூசை வைக்கும் சுவாமியின் வேலை.)

"1973இல், எங்கள் கத்தோலிக்கக் கோயிலைப் பார்த்துக்கொண்டிருந்த செபஸ்தியாம்பிள்ளை வெறும் வைன் போத்தலைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்." இது பரவாயில்லை. இதையே பிடித்துக்கொள்கிறேன்.

வெளிநாட்டுச் சாமான்கள் நின்றுபோயிருந்த காலம். பூசைக்குச் சுத்தமான திராட்சை வைன்தான் வேண்டும், வேறெதுவும் ஆகாது. சுவாமி கரண்டியால் அளந்து ஊற்றினார். யாழ்ப்பாணத்துப் பழம் ரயிலில் வந்து சேர்வதற்குள் பாதி கசிந்து புளித்தது. அதில் போட்டது வினாகிரி ஆனது. அப்போதுதான் சுவாமி ஒரு பழைய கோயில் கொப்பியில் நாலு வரி கண்டார். முந்தைய பாதிரிமார் ஏறாவூரில் தங்கள் வளவில், வீட்டைச் சுற்றிய நிலத்தில், ஒரு திராட்சை வைத்திருந்தார்கள். சிறிய பழம், தடித்த தோல், கருஞ்சிவப்பு, வைனுக்கு உகந்தது. வளவு எப்போதோ கைமாறிவிட்டது. இப்போது அங்கே இருப்பவர் ஆமினா உம்மா. கொடி அவருடைய கிணற்றடிப் பந்தலில் வெறும் இலையாகப் படர்ந்து கிடந்தது. அது காய்க்கும் என்பதையே ஊர் மறந்திருந்தது.*

* திராட்சையை இலை உருவி, ஒட்ட வெட்டினால்தான் பூக்கும். சும்மா விட்டால் நிழல் மட்டும் தரும். இதை மனதில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

3

செபஸ்தியாம்பிள்ளை சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். ஆமினா உம்மா வாளியை இறக்கிவிட்டுச் சொன்னார்:

"போன கிழம ஒருத்தன் வந்தான். இதுல வைன் போடப் போறானாம். கிணத்தடிய மிதிக்க விடல்ல நான். நம்மட கொப்பு அந்த வேலைக்குப் போகப்படா. நீங்க என்னத்துக்கு வந்த?"

செபஸ்தியாம்பிள்ளை தொண்டையைச் செருமி—

4

இந்த இடத்தில் மூன்று நாள் நின்றேன். செபஸ்தியாம்பிள்ளை பேச மறுத்தார். நல்ல மனிதராக எழுதிவிட்டேன், பொய் வாயில் வரவில்லை என்று நினைத்தேன். பிறகுதான் பிழை தெரிந்தது. பெண்கள் குளிக்கும் கிணற்றடிக்கு ஓர் அந்நிய ஆணை ஆமினா உம்மா விடுவாரா? முந்தி வந்தவனை விடவில்லை என்று இரண்டு வரிக்கு முன்னால் நானே எழுதியிருக்கிறேன்.

செபஸ்தியாம்பிள்ளையை அழித்துவிடுங்கள். எங்கள் கோயிலில் அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. பூசைத் துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தவள் நான். போனதும் நான்தான். வைன் போட வந்தவனை ஆமினா உம்மா துரத்தியது மட்டும் உண்மை; அது என் காதில் விழுந்திருந்தது.

"தங்கச்சி, இரிகா. என்ன வேணும்?" (எங்கள் பக்கத்தில் பெண்ணோடு பேசும் சொல்லுக்கு ஒரு 'கா' வால் உண்டு.)

"மூணு கொப்பு வேணும், ராத்தா."

"என்னத்துக்கு?"

"நிழலுக்கு. கோயில் கிணத்தடி ஒரே வெயில்."

"உங்கட கோயில்ல நிழலுக்கும் பஞ்சமா? ஒரு பூவரச நட்டா வளருமே."

"பூவரசுல மயிர்க்கொட்டிப் புழு, ராத்தா."

அவர் சிரித்தார். (பொய் சொல்லும்போது மயிர்க்கொட்டிவரை விவரம் வந்தது. கதை எழுதும்போது செபஸ்தியாம்பிள்ளைக்குப் போட ஒரு தொப்பிகூட வரவில்லை.) கத்தியை எடுத்து, கணு பார்த்து, தானே வெட்டித் தந்தார்.

5

தகர டின்னில் நட்டேன். வேர் பிடித்ததும் கோயில் மதிலோரம் மாற்றினேன். மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினேன். மூன்றாம் வருடம் இலையெல்லாம் உருவி வெட்டிவிட்டேன்; பூத்தது. பழத்தைப் பிசைந்து சீனச்சாடியில் போட்டு வாயைக் கட்டினேன். அந்த வைன் ஒரு துளி பூசைத் துணியில் விழுந்தால் மூன்று வெளுப்புக்கும் போகாது. துவைத்தவள் சொல்கிறேன், நம்புங்கள்.

சாடிக்குப் போகுமுன் ஒரு குலையை எடுத்து வைத்திருந்தேன். கன்று தந்த கைக்குத்தான் முதற்காய். பொய் சொன்னவளுக்கும் அந்த வழக்கத்தை மீறத் தைரியமில்லை.

ஆமினா உம்மா ஒரு பழத்தை வாயில் போட்டு, கொட்டையை உள்ளங்கையில் துப்பிப் பார்த்தார்.

"இந்தக் கொடி காய்க்குமாகா?"

"வெட்டினாக் காய்க்கும், ராத்தா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது.

"நிழலுக்கு வச்ச கொடிய ஏன்கா வெட்டின?"

நான் கிணற்றைப் பார்த்தேன். அவர் உள்ளே போனார். தன்னுடைய பன்கூடையோடு வந்தார். அதில் ஈரச்சாக்கில் சுற்றி மூன்று கொப்பு.

"ஒரு கொடி நிழலுக்குக் காணாது. இதையும் கொண்டு போ. மறுகா வாகா, தேத்தண்ணி குடிக்காம நீ போறா."

முகத்தில் ஒன்றும் இல்லை. தெரிந்து தந்தாரா, தெரியாமல் தந்தாரா? கூடையை வாங்கிக்கொண்டு வந்து, கொப்புகளை அதே மதிலோரம் நட்டேன். அந்த மறுகாவுக்கு, இன்னொரு தடவைக்கு, நான் போகவில்லை.

6

சூறாவளி அவருடைய பந்தலைக் கொடியோடு பிடுங்கிப் போட்டது. மதிலோரத்தில் எங்கள் கொடி தப்பியது. அந்த இனத்தில் எனக்குத் தெரிந்து மிஞ்சியது இதுதான். (இங்கேயே முடித்தால் வசதி. பழியைக் காற்றின் தலையில் போடலாம். அது முடிவல்ல.)

கூடைக்கு என்ன என்பது இப்போது தெரியும்: அவருடைய கொடியின் வழி வந்த எங்கள் கொடியிலிருந்து மூன்று கொப்பு. கூடவே உண்மையும் போக வேண்டுமா என்பதுதான் தெரியவில்லை. அவருக்குத் தெரியாதென்றால், சொல்லாதவரை நான் திருடி. தெரியுமென்றால், தெரியாததுபோல் இருந்து அவர் எனக்குத் தந்ததை நான் சொல்லிக் கெடுக்கிறேன்; அதன் பிறகு அவரால் தெரியாமல் இருக்க முடியாது.

அவருக்கு இப்போது கண் மங்கல். பேத்தி கைறுன்னிஸா எதையும் வாசித்துக் காட்டுவாள். அதனால் இந்தத் தாள்களைக் கூடையின் அடியில் வைத்தேன். மேலே ஈரச்சாக்கு. அதன் மேல் கொப்பு. பிறகு தாள்களை வெளியே எடுத்தேன். திரும்ப வைத்தேன். ஏறாவூர் பஸ் வருகிற நேரம். நான் கூடையைத் தூக்கி—

இந்த வசனத்தை நீங்கள் முடியுங்கள். நான் முடித்தால் எனக்கு வசதியாக முடித்துவிடுவேன்.

உங்கள் வீட்டுக் கிணறு வற்றாதிருக்கட்டும். அந்தக் கிணற்றடியில் யாரும் உங்களிடம் பொய் சொல்லத் தேவை வராதிருக்கட்டும். உங்கள் வீட்டிலிருந்து போன கூடை எதுவானாலும், எத்தனை வருடமானாலும், நிறைந்து திரும்பட்டும்.