மூன்று தட்டு

போர்க்கப்பலின் அடித்தொட்டிக்குள் மனைவி குப்புறப் படுத்து வெல்டிங் செய்துகொண்டிருந்தாள். மேலே, அவள் இறங்கிய துளையின் ஓரத்தில், கணவன் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் தீயணைப்பான். முழங்கால் போனபிறகு கிடைத்த காவல் வேலை. உள்ளே புகை அடைத்தாலோ தீப்பிடித்தாலோ அவன்தான் ஆளை வெளியே இழுக்க வேண்டும். அவ்வப்போது சுத்தியலால் தகட்டில் மூன்று தட்டு தட்டுவான். உள்ளிருந்து மூன்று தட்டு திரும்பி வந்தால் நலம். அவள் சிலசமயம் நான்காவதாக ஒன்று தட்டுவாள். அது அவனுக்கு மட்டும்.

உற்பத்தியைக் கூட்ட வந்திருந்த அதிகாரி, ஸ்டாப் வாட்சும் கையுமாக எதிரே நின்றார்.

சாப்பாட்டு வேளையில் அவள் சொன்னாள், "உங்களையேதான் பாத்துக்கிட்டு இருக்காரு. புது மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருந்தா என்ன நினைப்பாரு?"

"என் வேலையே உக்கார்றதுதானேடி."

"எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியுமா? சும்மா இருக்கீங்கன்னு வீட்டுக்கு அனுப்பிடப் போறாங்க. எழுந்து ஏதாவது செய்யுங்க."

"சரிங்க முதலாளியம்மா."

மதியம் முழுக்க நொண்டிக்கொண்டே ஓடினான். வெல்டிங் ராடு கொண்டுவந்தான். கேபிளைச் சுருட்டினான். கேட்காதவர்களுக்கும் தண்ணீர் கொடுத்தான். தலைக்கு மேல் இழுபடும் அந்தக் காலடியைக் கேட்டு அவள் உள்ளே சிரித்துக்கொண்டாள். தட்டு வராததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாலையில் அதிகாரி அவனிடம் வந்தார். "நல்ல சுறுசுறுப்பு! பாதி நேரம் நீங்க இங்க இல்ல. ஆனா உள்ள வேலை நிக்கல பாருங்க. நாளைலேர்ந்து இந்தக் கப்பல்ல இருக்கிற நாலு துளைக்கும் காவலுக்கு நீங்க ஒருத்தரே போதும்."

"மத்த மூணு காவல்காரங்க சார்?"

"அவங்க இனி தேவையில்ல."

பேருந்தில் அவன், "பதவி உயர்வுடி" என்றான். அவள் சிரிக்கவில்லை. அவன் முழங்காலைத் தன் மடிப்பக்கம் இழுத்து அமுக்கிவிட்டாள்.

"நான்தான ஓடச் சொன்னேன்."

"ஆமா. நீ சொல்லி நான் எதைக் கேக்காம இருந்திருக்கேன்?"

மறுநாள் அவள் தொட்டிக்குள் படுத்து மூன்று தட்டு தட்டினாள். பதில் இல்லை. மறுபடியும் தட்டினாள். கப்பலின் மறுகோடியில் எங்கோ ஒரு கால் இரும்பின்மேல் இழுபட்டு இழுபட்டு வந்துகொண்டிருந்தது. அது வந்து சேரட்டும் என்று ராடைப் பற்றவைக்காமல் காத்திருந்தாள்.

துளையின் வட்ட வெளிச்சத்தில் பளபளப்பான இரண்டு பூட்ஸ்கள் வந்து நின்றன. மேலே, ஸ்டாப் வாட்ச் அமுங்கும் சத்தம் கேட்டது.