குரங்குப் பாய்ச்சலில் மேலே நின்றுவிட்டவன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு மாசியில் ஒரு சாயங்காலம், ராயபுரம் கோதாவில் குத்துவரிசை ஆடிக்கொண்டிருந்த ஜெயவேல் மேலே குதித்தான், கீழே வரவில்லை. கூரை உயரத்தில், முழங்கால் மடங்கி, இரண்டு கையையும் விரித்தபடி நின்றுவிட்டான். அன்றைக்குக் காசிமேட்டில் வஞ்சிரம் நல்ல வரத்து, கருவாட்டை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. ஊர் முதலில் பேசியது அதைத்தான். ஜெயவேல் சங்கதி அதற்கப்புறம்தான் வந்தது.

கோதா என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. உப்புக் கிடங்குக்குப் பின்னால் வேலி கட்டி, செம்மண் கொட்டி, எண்ணெய் விட்டுக் குழைத்து வைத்த ஓர் இடம். வேலை விட்டு வருகிறவர்கள் அங்கே குத்துவரிசை ஆடுவார்கள். எதிரில் ஆள் இருக்கமாட்டான். அடி, தடுப்பு, பாய்ச்சல் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வைத்ததை, இல்லாத எதிரியோடு தன்னந்தனியாக ஆட வேண்டும். ஆளுக்கு ஒரு வரிசைமேல் உயிர். தோல் கிடங்கில் வேலை பார்த்த மதார் சாகிப்தான் வாத்தியார். அவருக்குப் பாம்பு வரிசை. அதன் நுட்பத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார். உண்மையில் அதை முக்கால்வாசி உட்கார்ந்தே ஆடிவிடலாம், அவருக்கோ முழங்கால் வலி. பெரம்பூர் ரயில் பட்டறையில் சம்மட்டி அடித்த நீலமேகத்துக்குப் புலி வரிசை. பட்டறைச் சத்தத்தில் பகலெல்லாம் அவன் பேச்சு அவனுக்கே கேட்காது, வீட்டிலோ மாமியார் பேசுவது மட்டும்தான் கேட்கும். புலி வரிசையில் நடுவே ஓர் உறுமல் வருகிறது. அந்த ஓர் உறுமலுக்காக அவன் பெரம்பூரிலிருந்து நடந்தே வருவான். உப்புக் கிடங்குக் காவல்காரன் லட்சுமணனுக்கு யானை வரிசை. அதில் நகரவே வேண்டாம்.

ஜெயவேலுக்குக் குரங்குப் பாய்ச்சல். ஏன் என்று கேட்டால் சிரிப்பான். துறைமுகத்தில் கப்பலிலிருந்து நிலக்கரி சுமக்கிறவன் அவன். தலையில் சும்மாடு, சும்மாட்டின்மேல் கூடை, காலுக்கடியில் ஆடுகிற பலகை. கழுத்து தோளுக்குள்ளே போய் ரொம்ப வருஷமாகிவிட்டது. அவன் பெண்டாட்டி மலர்க்கொடியும் அதே பலகையில் கரி சுமக்கிறவள்தான். அவளுக்கு இந்த ஆட்டம் பிடிக்காது. “நாள்பூரா கரிக்கூட சொமந்துட்டு வந்து, சாயங்காலம் கொரங்கு மாதிரி குதிக்கணுமா? இன்னா தலையெழுத்துய்யா உனுக்கு?” என்பாள். அதற்கும் சிரிப்பான்.

கோதாவில் ஒரு வழக்கம் உண்டு. மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வரிசையை எடுக்க வேண்டும், மண்ணைத் தொட்டு ஒற்றிக்கொண்டுதான் முடிக்க வேண்டும். நடுவே ஆடுகிறவன் வாயைத் திறக்கக் கூடாது, அவன்மேல் யாரும் கை வைக்கக் கூடாது. வைத்தால் அந்த வரிசை அவனை விட்டுப் போய்விடும், ஆயுசுக்கும் அதை அவன் ஆட முடியாது. ஒருமுறை நீலமேகத்தின் மாமியார் தேடி வந்து, பாதி ஆட்டத்தில் அவன் காதைத் திருகிக் கூட்டிப்போனாள். அதுவரை அவனும் குரங்குப் பாய்ச்சல்காரன்தான். அதற்குப் பிறகுதான் புலியானான்.

ஆகவே ஜெயவேல் மேலே நின்றதும் யாரும் கிட்டே போகவில்லை. மண்ணைத் தொட அவன் கை எட்டவில்லை, மண்ணைத் தொடாமல் வரிசை முடியவில்லை, முடியாமல் அவன் பேசவும் மாட்டான், சாப்பிடவும் மாட்டான். மதார் சாகிப் தாடியைத் தடவிக்கொண்டு, ஆட்டம் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போனார். மறுநாளும் அப்படியே. கடற்காற்று அடித்தால் கொஞ்சம் ஆடினான். காக்கை ஒன்று தோளில் உட்கார்ந்து, காக்கை செய்வதைச் செய்துவிட்டுப் போனது. மீன்காரர்கள் அவன் எந்தப் பக்கம் சாய்கிறான் என்று பார்த்துக் கட்டுமரத்தைத் தள்ளினார்கள்.

மூன்றாம் நாள் கரி மேஸ்திரி வந்து, கப்பல் நிற்கிறது, நாளைக்கு ஜெயவேல் வராவிட்டால் அவன் இடத்தில் வேறு ஆள் ஏறிவிடுவான் என்று சொல்லிப் போனான். மலர்க்கொடி வீட்டிலிருந்த தாம்புக்கயிற்றை எடுத்துக்கொண்டு நேரே கோதாவுக்கு வந்தாள்.

“தள்ளு பாய். கால்ல ஒரு சுருக்கு போட்டு இஸ்தா வந்துடுவாரு.”

“இஸ்தா வருவான்மா. வரிசை போயிடும். அப்புறம் அவன்கிட்ட இன்னா கீது?”

“நான் கீறேன்!”

“சரி, உன்ன இஷ்டப்பட்டு இப்பிடிப் பறந்தானா என்னிக்காவது?” என்றான் நீலமேகம். யாரும் சிரிக்கவில்லை, அவனே சிரித்து அவனே நிறுத்தினான்.

மலர்க்கொடி கயிற்றில் சுருக்குப் போட்டு அண்ணாந்தாள். அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். மூன்று நாள் பட்டினியில் உதடு வெடித்திருந்தது. ஆனால் கழுத்து தோளிலிருந்து வெளியே வந்திருந்தது, நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை. இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் இந்த ஆளுக்கு இவ்வளவு நீளமான கழுத்து என்று அவளுக்குத் தெரியாது. தலையில் ஒன்றும் இல்லாமல் இருக்கிற அந்த ஒரு நொடிக்காகத்தான் குரங்குப் பாய்ச்சல் என்பது யாரும் சொல்லாமலே அவளுக்கு விளங்கியது. கயிற்றைக் கீழே போட்டாள்.

“யோவ், இரு. வரேன்” என்று மட்டும் சொன்னாள்.

அவள் திரும்பி வந்தபோது கையில் கரிக்கூடை இருந்தது. கோதாவுக்குள் இறங்கி மண்ணை வாரி வாரிக் கூடையில் போட்டாள். மதார் சாகிப் முழங்கால் வலியை மறந்து எழுந்துவிட்டார். கோதா மண் வெளியே போகக் கூடாது என்பது அவருடைய வாத்தியாருக்கு வாத்தியார் போட்ட சட்டம். அதனால்தான் மூன்று நாளாக ஜெயவேலை மண்ணுக்குக் கொண்டுவர யோசித்தவர்களில் ஒருவருக்கும் மண்ணை ஜெயவேலிடம் கொண்டுபோகத் தோன்றவில்லை.

“மண்ணு வெளிய போவக்கூடாதுமா!”

“வெளிய எங்க பாய் போவுது? மேலதான போவுது.”

மதார் சாகிப் வேலியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். வேலி நாலு பக்கமும் இருந்தது, மேலே இல்லை. உட்கார்ந்துகொண்டார். லட்சுமணன் உப்புக் கிடங்கிலிருந்து ஏணியைக் கொண்டுவந்து சாத்திப் பிடித்தான். அது யானை வரிசை ஆடுவது போலத்தான், நகராமல் நின்றால் போதும். மலர்க்கொடி கூடையைத் தலையில் வைத்து, பலகையில் ஏறுவது போலக் கையால் எதையும் பிடிக்காமல் ஏறினாள். ஜெயவேல் கை தாழ்ந்தது, கூடை மண்ணைத் தொட்டது, கண்ணில் ஒற்றிக்கொண்டது. வரிசை முடிந்தது.

“சோறு கீதா?” என்றான் ஜெயவேல்.

வரிசை முடிந்தும் அவன் இறங்கவில்லை. மலர்க்கொடிக்குக் கழுத்து வலித்தது. பலகையில் தினமும் செய்வது போல, யோசிக்காமல், தன் தலைக் கூடையைத் தூக்கி அவன் தலையில் மாற்றினாள். ஜெயவேல் அப்படியே கீழே வந்தான். கீழே கைதட்டினார்கள், நீலமேகம் உறுமினான். ஏணியில் நின்ற மலர்க்கொடி மட்டும், புருஷன் கழுத்து ஆமை மாதிரி உள்ளே போனதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அது பழகிப்போயிற்று. கூடை இருந்தால் ஜெயவேல் தரையில் நடப்பான், கூடையை எடுத்தால் கூரை உயரத்துக்குப் போய்விடுவான். துறைமுகத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. அங்கே அவன் தலையில் கூடை இல்லாமல் இருக்க யாரும் விட்டதில்லை. வீட்டில் சாப்பிடும்போது மடியில் அம்மிக்குழவி, குழந்தை பிறந்த பிறகு குழந்தை. மதார் சாகிப் ஒரு மழைக்காலம் பூராவும் ரகசியமாகக் குரங்குப் பாய்ச்சல் ஆடிப் பார்த்தார், ஒரு விரற்கடை எழும்பவில்லை, முழங்கால் மட்டும் வீங்கியது. பாம்பு வரிசையே உசத்தி என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

முப்பதுகளிலும் ராயபுரத்துக்குப் புதிதாக வந்தவர்கள்தான் நின்று பார்ப்பார்கள். வேலை விட்டு வரும் வழியில் மலர்க்கொடி கோதா வாசலில் புருஷன் தலையிலிருந்து கூடையைத் தானே இறக்கி வாங்கிக்கொள்வாள். வீட்டுக்குப் போய் உலை வைப்பாள். சோறு வெந்ததும் அதே கூடையில் மண்ணோடு வந்து ஏணியில் ஏறுவாள். சில நாள் சோறு வேக ரொம்ப நேரமாகும். யாராவது கேட்டால், விறகு ஈரம் என்பாள்.