ஓரகத்தி வீட்டு மரம்

டிசம்பர் பிறந்ததும் இளையவள் வீட்டு முன்னறையில், சிமெண்டுத் தரையைப் பிளந்துகொண்டு ஒரு கிறிஸ்துமஸ் மரம் முளைக்கும். மணிகளும் உச்சி நட்சத்திரமும் கூடவே வரும். கடையில் எதுவும் வாங்க வேண்டாம். ஜனவரியில் வந்த வழியே இறங்கிவிடும், தரையைக் கூட்டிவிட்டால் போதும். தெருவே இதற்குப் பழகிவிட்டது. பழகாதவள் அவளுடைய ஓரகத்தி ஒருத்திதான். அண்ணன் தம்பி வீடுகள், நடுவில் ஒற்றைச் சுவர், ஒரே கொத்தனார் பூசிய தரை. அப்படியிருக்க மரம் மட்டும் ஏன் அந்தப் பக்கம்? மூத்தவள் தையல் மிஷினை நகர்த்திவிட்டு, அடியிலிருந்த கீறலுக்கு இரண்டு வருடம் யாருக்கும் தெரியாமல் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். எறும்புதான் வந்தது. பண்டிகையன்று அவள் கணவரும் மகளும் சாப்பிட்ட கை காய்வதற்குள் தம்பி வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்கள் சிரிப்பது சுவர் வழியாகக் கேட்கும். அவளுக்கு வயிறு பற்றி எரியும்.

மூன்றாம் வருடம் வேதம் கைகொடுத்தது. ஆதியில் மரத்தை வைத்துக் கொண்டாடியவர்கள் கர்த்தரை அறியாத புறஜாதியார், ஆகவே இது விக்கிரகம் என்று சபையில் எழுந்து பேசினாள். போதகர் சண்டைக்குப் போகாத மனிதர். “ஞாயிறுன்னாலே சூரியன்தாம்மா. அதுக்காக ஆராதனையை வேற நாளைக்கு மாத்திடலாமா? எங்கேருந்து வந்துச்சுன்னு பாக்காதீங்க, யாருக்காகக் கொண்டாடுறோம்னு பாருங்க” என்றார். “பாத்திரத்தை விளக்கிட்டா சாக்கடைத் தண்ணி நல்ல தண்ணி ஆயிடுமா ஐயா?” என்று மடக்கினாள். சபை இரண்டுபட்டது. கடைசியில் இளையவள்தான், “அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிளவை அடைத்துக் கான்கிரீட் போடச் சொல்லிவிட்டாள்.

அடுத்த டிசம்பரில் மரம் மூத்தவள் வீட்டுத் தையல் மிஷினுக்குப் பக்கத்தில், ஒரு முழம் கூடுதல் உயரத்தோடு முளைத்தது. கதவைத் தாழிட்டுவிட்டு நாள் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. சாயங்காலம் போதகரிடம் போய், “மரத்துக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டா குத்தமில்லதானே ஐயா?” என்று கேட்டாள். அவர் சிரிக்காமல் வந்து தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார்.

மரத்தைப் பார்த்ததும் மகள் சொன்ன முதல் வார்த்தை, “சித்தியைக் கூப்பிடட்டுமா?” என்பதுதான். இளையவள் பிள்ளைகளோடு வந்தாள். மூத்தவள் மரத்தை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் பட்டதில் பாதியாவது அதில் தெரிய வேண்டும் என்று ஆசை. “உங்க வீட்லதான் இன்னும் அழகா இருக்கு அக்கா” என்றாள் இளையவள், மனசார. மருந்துக்குக்கூடப் பொறாமை இல்லை.

அன்றுமுதல் மரம் வருடம் தவறாமல் மூத்தவள் வீட்டில்தான் முளைக்கிறது. ஜனவரியில் அவளே தரையைக் கூட்டுகிறாள். மரத்தை இங்கே அனுப்பிய கர்த்தர் அந்த மனசை மட்டும் அங்கேயே விட்டுவிட்டாரே என்பதுதான் இப்போது அவளுடைய வயிற்றெரிச்சல்.