துரையின் பின்னங்கால்கள்

காலி செய்த வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போனவள், படுக்கையறை மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டியைப் பார்த்தாள். உள்ளே முழ நீளத்தில் ஒரு வளர்ப்பு ஓணான் மணலில் கிடந்தது. மேலே விளக்கு அணைக்கப்பட்டிருந்தது. தண்ணீர்க் கிண்ணம் காய்ந்திருந்தது. முன்னங்கால்களை ஊன்றி அது நகரப் பார்த்தது. பின்னங்கால்கள் இரண்டும் ஈரத்துணி போல இழுபட்டன.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "குடியிருந்தவன் விட்டுட்டுப் போயிருக்கான் பாரு, சனியனை. தொட்டியோட தூக்கிக் குப்பையில போட்டுடும்மா."

"உசிரு இருக்குங்க."

"காலே விளங்கல, என்ன பெரிய உசிரு?" என்று துடைப்பக் கட்டையால் அதன் முதுகில் தட்டினார்.

ஓணானால் ஓட முடியாது. கழுத்தை உப்பவைத்து, தாடிபோல் தொங்கும் தோலைக் கன்னங்கரேலென்று ஆக்கிக்கொண்டு, அவரைப் பார்த்து வாயை அகலத் திறந்தது. வீட்டுக்காரர் ஓரடி பின்வாங்கினார். அதைப் பார்த்ததுமே அவளுக்கு ஓணானைப் பிடித்துப்போனது.

"கட்டையைக் கீழ போடுங்க. நான் கொண்டுபோறேன்."

சாயங்காலம் தொட்டியைத் தூக்கிக்கொண்டு விலங்கு மருத்துவரிடம் போனாள். வெயில் காட்டாமல், சத்தான தீனி கொடுக்காமல் வளர்த்ததில் எலும்பு நொய்ந்து முதுகுத்தண்டு வளைந்துவிட்டது, பின்னங்கால்கள் இனி வராது என்றார் அவர். "ஒரு ஊசி போட்டா நிம்மதியா போயிடும்."

"இப்ப அதுக்கு வலிக்குதா டாக்டர்?"

"வலி இருக்கற மாதிரி தெரியல. கால்ல உணர்ச்சியே இல்ல."

"சாப்பிடுமா?"

மருத்துவர் ஒரு புழுவை இடுக்கியில் நீட்டினார். நீட்டிய வேகத்தில் அது காணாமல் போனது.

"வலியும் இல்ல, பசியும் இருக்கு. அப்புறம் எதுக்கு டாக்டர் சாகணும்?"

மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்லிக்கொடுத்தார். மணலை எடுத்துவிட்டுத் துணி விரிக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிறு உராய்ந்து புண்ணாகும். வெயிலுக்குப் பதிலாகத் தனி விளக்கு வேண்டும். தானாக வெளிக்குப் போகாது. வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து வயிற்றை மெல்ல நீவிவிட வேண்டும். "அலுத்துக்காம செய்யணும்."

"ஒரே சுவத்துக்கு மூணு தடவை பெயின்ட் அடிக்கிறவ நான். அலுப்பு பாத்தா ஆகுமா?"

புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தபின் அவள் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். அங்கே அவள் குரலை உயர்த்தியதே இல்லை. தொட்டியைப் பார்த்ததும் அண்ணன் சிரித்தான். "வேலியில போற ஓணானைப் பிடிச்சு வேட்டியில விட்டுக்கிட்ட கதையால்ல இருக்கு."

"இது வேலியில போகலண்ணா. இதால போக முடியாது."

அண்ணி வாசலை மறித்து நின்றாள். "நாளைக்குள்ள இது போகணும். இல்லன்னா..."

"இல்லன்னா நாங்க ரெண்டு பேரும் போறோம் அண்ணி. ஒரு ரூம் கிடைக்காமலா போயிடும்?"

இப்படி ஒரு பதிலை அண்ணி எதிர்பார்க்கவில்லை. முணுமுணுத்தபடி வழிவிட்டாள்.

வேலையிலிருந்து வந்ததும் கையில் பெயின்ட் வாடை போகத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஓணானைத் தண்ணீர்ப் பேசினில் இறக்கி வயிற்றை நீவுவாள். முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் கலங்கியபோது அவளுக்கு வந்த சந்தோஷத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். "உக்காந்த இடத்துக்கே எல்லாம் வரணும், துரைக்கு" என்று அண்ணி நொடித்தாள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல் கண்டு எழுந்திருக்க முடியவில்லை. பேசினில் தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினாள். அண்ணி கையுறை மாட்டிக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, துரையின் வயிற்றை நீவிக்கொண்டிருந்தாள்.

சில மாதம் கழித்து, ஒரு விடுமுறை நாளில், அந்த வீட்டில் முன்பு குடியிருந்தவன் வந்தான். வீட்டுக்காரரிடம் விசாரித்து வந்திருக்கிறான்.

"அது எங்களோடதுங்க. அவசரத்துல விட்டுட்டுப் போக வேண்டியதாயிடுச்சு. இப்ப நல்லாயிடுச்சுன்னு சொன்னாங்க."

"நல்லா இருக்கு. ஆனா கால் வரல."

அவன் தொட்டியை எட்டிப் பார்த்தான். முகம் விழுந்துவிட்டது. "அப்ப ஒண்ணு பண்ணலாம். கால் சரியானதும் சொல்லி அனுப்புங்க, வந்து எடுத்துக்கறேன்."

அவள் வாய் திறப்பதற்குள் அண்ணி சமையலறையிலிருந்து வந்துவிட்டாள். "அதைப் பாத்தா எனக்கு இன்னமும் உடம்பு கூசுது தம்பி. ஆனா உங்க கையில கொடுக்க மாட்டோம். கால் வந்தாலும் கொடுக்க மாட்டோம்."

"சட்டப்படி அது என்னோடது."

"யார்கிட்ட வேணும்னாலும் போய்ச் சொல்லுங்க, நானும் வர்றேன்" என்று அவள் அண்ணியின் பக்கத்தில் வந்து நின்றாள். "விளக்கை அணைச்சிட்டு, ஒரு வாய் தண்ணி வைக்காமப் போனதையும் அங்க சேத்துச் சொல்லணும்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். பிறகு வரவே இல்லை.

அவன் போனபோது ஜன்னல் வெயில் அறையின் மறுபக்கம் சாய்ந்திருந்தது. தரையில் விரித்த துணிமேல் அவள் துரையை இறக்கிவிட்டாள். அது முன்னங்கால்களை ஊன்றி, நின்று, மறுபடி ஊன்றி, உடம்பை இழுத்துக்கொண்டு வெயிலை நோக்கிப் போனது. தூக்கிவிடக் கை நீட்டியவளை அண்ணி தடுத்தாள்.

"விடு. அதுவே போகும்."