மூன்றாவது மேஜை

உலர்த்தும் இயந்திரத்திலிருந்து வந்த விரிப்புகள் இன்னும் கையைச் சுட்டன. மூன்றாவது மேஜையில் ரேடியோவும் அவள் மூத்த ஓரகத்தியும் எதிரெதிராக நின்று, ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, உதறி, இழுத்து, நடந்து வந்து மூலையோடு மூலை சேர்த்து மடித்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி விரிப்பு லேசுப்பட்டதல்ல. ஓர் உதறல் தோள்பட்டை வரைக்கும் வலிக்கும். அந்த உதறலை எப்போதும் ரேடியோதான் கொடுப்பாள். மூத்தவள் தன் மூலைகளை விடாமல் பிடித்திருந்தால் போதும்.

வாய் ஓயாது என்பதால் சலவைக்கூடத்தில் அவளுக்கு ரேடியோ என்று பேர். கொஞ்ச நாளில் அந்தப் பேர் வீட்டுக்கும் வந்து, மாமியார்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே மூத்தவள்தான். "எங்க வீட்டுச் சின்னவ, கை கொஞ்சம் மெதுவா இருந்தாலும் வாய் வேகம்" என்று சொல்லிச் சேர்த்தாள்.

இப்போது மெதுவாகிப்போனது மூத்தவளின் கை. வலது மணிக்கட்டு மாதக்கணக்கில் வீங்கிக் கிடந்தது. முழுக்கைச் சட்டைக்குள் துணிப்பட்டி சுற்றி மறைத்துக்கொண்டு வருவாள். அவள் வீட்டுக்காரர் இடுப்பொடிந்து படுத்ததிலிருந்து அந்த வீங்கிய கையை நம்பித்தான் அவர்கள் அடுப்பு எரிந்தது. சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் 'நல்லா ஓய்வெடுங்கம்மா' என்று அன்பாக அனுப்பிவிடுவார். மனுஷர் எதையும் அன்பாகத்தான் செய்வார்.

ஊர்க் கண்ணெல்லாம் அந்தக் கையின்மேல் விழாமல் இருக்கத்தான் ரேடியோ விளையாட்டையே தொடங்கினாள். மேஜைக்கு மேஜை போட்டி. வேலை முடியும்போது யார் அடுக்கு குட்டையாக இருக்கிறதோ, அவர்களில் ஒருத்தி காலையில் வீட்டில் நடந்ததை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். முதல் நாள் ஜன்னலோரத்து மேஜைக்காரி தோற்றாள்.

"என் வீட்டுக்காரரு கண்ணாடி முன்னாடி நின்னு, இந்த வயசுலயும் எப்படி இருக்கேன் பாருன்னாரு. நான் கண்ணாடியத் தொடைச்சுக் குடுத்தேன். அதுக்கப்புறம் ஆளு பேசவே இல்ல."

அலுத்துச் சலித்துக் கிடந்த கூடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மறுநாள் எல்லாரும் ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார்கள். உட்கார்ந்து எழுந்திருக்கவே முனகுகிறவள்கூட ஓடி ஓடி மடித்தாள். சூப்பர்வைசர் கதவருகே கைகட்டி நின்று பார்த்தார். ஒரு வாரம் பார்த்தார். பிறகு ரேடியோவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஒரு வருஷமா நாங்க கத்திக் கத்தி நடக்காதது, நீங்க சிரிச்சு ஒரு வாரத்துல நடந்துருச்சும்மா. மனுஷங்களுக்கு உற்சாகம்தான் முக்கியம். இனிமே நீங்க மடிக்க வேணாம். முன்னாடி நின்னு விளையாட்டை நடத்துங்க."

மேஜைமேல் ஒரு மஞ்சள் ஏப்ரனை எடுத்து வைத்தார். கூடத்தில் மற்ற எல்லாருக்கும் நீலம். அக்காவை விட்டு நகர முடியாது என்று சொல்ல ரேடியோவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பிறந்ததிலிருந்து 'வாயை மூடு' என்றே கேட்டு வளர்ந்தவள் அவள். அந்த வாய்க்கு ஒருத்தர் மரியாதை கொடுப்பது அன்றுதான் முதல் தடவை. மஞ்சள் ஏப்ரன் இஸ்திரி போட்டு மொடமொடவென்று இருந்தது.

"சரி சார்" என்றாள்.

மூன்றாவது மேஜைக்குப் புதிதாக ஒரு பெண்ணைப் போட்டார்கள். நல்ல பெண்தான், ஆனால் காளைமாடு மாதிரி பலம். அவள் ஓர் உதறு உதறினால் மூத்தவளின் கையிலிருந்து மூலை பிடுங்கிக்கொண்டு போகும். தரையில் விழுந்த விரிப்பு திரும்பவும் துவைக்கப் போகும். முதல் நாளே மூன்றாவது மேஜை தோற்றது.

"இன்னிக்குத் தோத்தது யாரு? எங்க வீட்டு மகாராணி" என்று முன்னால் நின்று ரேடியோ அறிவித்தாள். கூடம் கைதட்டியது. மூத்தவளும் சிரித்துக்கொண்டே ஒரு கதை சொன்னாள். மறுநாளும் அவர்கள்தான். அதற்கு மறுநாளும் அவர்கள்தான்.

அன்று சாயங்காலம் வீட்டில் மூத்தவள் இடது கையால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ரேடியோ பக்கத்தில் போய் நின்றாள்.

"அக்கா, நாளைக்கு வேற மேஜை பேரைச் சொல்லிடறேன்."

"அடுக்கு எல்லார் கண்ணுக்கும் தெரியுதே. பொய் சொன்னா உன் பேருதான் கெடும். நாலு பேரு சிரிக்கறாங்கல்ல, விடு."

ரேடியோ விட்டுவிட்டாள். அக்காவே விடச் சொன்னாளே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம் தனக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கே கூசியது.

வாரக் கடைசியில் சூப்பர்வைசர் மறுபடி கூப்பிட்டார்.

"உங்க அக்கா கையில ஏதோ கோளாறு போலிருக்கு. நாளையிலேருந்து வர வேணாம். நீங்களே சொல்லிடுங்கம்மா."

"சார், நான் பழையபடி அவங்களோட மடிக்கறேன். ரெண்டு ஆள் வேலையும் சேர்த்துப் பாத்துக்கறேன்."

"அப்புறம் முன்னாடி யாரு நிப்பா?" அவர் முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை. "மஞ்சளைக் கழட்டினா ரெண்டு பேருக்குமே இங்க இடம் இருக்குமான்னு யோசிச்சுக்குங்க."

"சொல்றதையாவது நீங்க சொல்லுங்க சார். அவங்க எங்க வீட்டு ஆளு."

"அதனாலதான் உங்ககிட்டச் சொல்றேன். நாங்க சொன்னா அழுவாங்க. அதைப் பாத்து மத்தவங்களுக்கும் மனசு விட்டுப்போயிடும். நீங்க சொன்னா சிரிச்சுக்கிட்டே போவாங்க. அது ஒரு வரம்மா."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை முன்னால் நின்று கத்தியது, பிடிபட்டவள் வேறொருத்தி. ரேடியோ அறையை விட்டு வெளியே வந்தாள். அக்காவைக் குழாயடிப் பக்கம் தனியாகக் கூட்டிப்போய்ச் சொல்லலாம் என்று நினைத்தாள். மஞ்சள் ஏப்ரன் தூரத்தில் வரும்போதே மூத்தவள் பார்த்துவிட்டாள்.

"என்ன, இன்னிக்கும் நாங்கதானா?"

கூடம் சிரிக்கத் தயாராகத் திரும்பியது.

"ஆமாக்கா" என்றாள் ரேடியோ. பழக்க தோஷம், அறிவிக்கிற குரலிலேயே வந்துவிட்டது.

"சரி, கேளுங்க." மூத்தவள் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். "காலைல எங்க வீட்டுக்காரரு, ஏன்டி, இப்படியே இன்னும் எத்தனை நாள் ஓட்டுவேன்னாரு. நான் சொன்னேன், சின்னவ இப்ப பெரிய ஆளு. அவ முன்னாடி நிக்கற வரைக்கும் என்னை யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க, நீங்க படுத்துக் குறட்டை விடுங்கன்னேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள குறட்டை வந்துருச்சு."

கூடம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ரேடியோ மேஜையைச் சுற்றிப் போய் அவள் காதருகே குனிந்தாள்.

"அக்கா, நாளைலேருந்து உன்னை வர வேணாங்கறாங்க."

மூத்தவளின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. எடுத்து எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"யாரு சொன்னா?"

"சார்தான்."

"அவரு ஒண்ணும் சொல்லலியே. நீதானே சொல்ற."

ரேடியோவுக்கு ஏப்ரனோடு சேர்ந்து உடம்பும் உரிந்து விழுந்தால் தேவலாம் போலிருந்தது. கதவருகே சூப்பர்வைசர் சிரித்த முகங்களைப் பார்த்துவிட்டு, காரியம் நல்லபடியாக முடிந்தது என்று தலையாட்டினார். இரண்டு தட்டு கை தட்டினார்.

"அருமைம்மா. ஆரம்பிங்க, அடுத்த வண்டி வந்துருச்சு."

வண்டி நிறையச் சுடச்சுட விரிப்புகள் வந்து நின்றன. அன்று வேலை முடிகிற நேரத்தில் வந்த கூடுதல் வண்டி அது. மூத்தவள் ஒரு விரிப்பை எடுத்துத் தன் மூலைகளைப் பிடித்துக்கொண்டாள். எல்லாரும் ரேடியோவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் முன்னால் போய் நின்றாள்.

"இந்தத் தடவை யாரு ஜெயிக்கறாங்க, பாப்போமா?"

மேஜைக்கு மேஜை விரிப்புகள் படபடவென்று எழுந்தன. மூன்றாவது மேஜையில் அந்தப் பெண் ஓர் உதறு உதறினாள். மூத்தவளின் கையிலிருந்து மூலை நழுவித் தரையில் விழுந்தது. அவள் குனிந்து இடது கையால் அதைத் துழாவி எடுக்க, கூடம் வழக்கம்போலச் சிரித்தது.