ஒரே நிறக் கூரை

எங்கள் தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் கூரைகளைப் பார்த்துச் சிரிப்பார்கள். எல்லா வீட்டுக் கூரையும் இரண்டு நிறம். முகட்டுக்கு இந்தப் பக்கம் புதுத் தகரம், அந்தப் பக்கம் பழைய ஓடு. எங்களுக்கு ரசனை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பாதிக் கூரையை மாற்றினால் அது பழுதுபார்ப்பு, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பாதியைத் தாண்டினால் அது புதுக் கட்டடம். புதுக் கட்டடத்துக்கும் பக்கத்து எல்லைக்கும் நடுவே ஓர் ஆள் கை விரித்து நிற்கும் அகலம் விட வேண்டும். எங்கள் வீடுகளோ சுவரோடு சுவர் ஒட்டி நிற்பவை. அதனால் இந்த வருஷம் ஒரு பாதி, அடுத்த வருஷம் மறுபாதி.

தையல்காரிக்கு இது பொறுக்கவில்லை. நல்ல கைக்காரி. வாய் கையைவிடக் கெட்டி.

“நான் தைச்ச துணியில தையல் எங்க இருக்குன்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. என் தலைக்கு மேல மட்டும் ஒட்டுப் போட்டுக்கணுமாக்கா?” என்று என் பையனின் காற்சட்டையைச் சுருக்கிக்கொண்டே கேட்டாள். “நீலம். மொத்தமும் நீலம்.”

அவள் புருஷனை நாங்கள் ஆமாஞ்சாமி என்போம். கேட்டதும் தலையாட்டினான்.

கூரை வேலைக்காரர் மட்டும் தயங்கினார். “பாதி பாதியா போடலாம்மா. அந்தப் பக்கம் ஒரு ஓடுகூட அசைய வேணாம்.”

அப்போதுதான் பக்கத்து வீட்டிலிருந்து ஆமாஞ்சாமியின் அண்ணன் வந்தார். “நம்ம வீட்டுப் பொண்ணு ஆசைப்படுது. மொத்தமா இறக்குங்கப்பா. ஆபீஸ்ல நான் பேசிக்கறேன்.”

அண்ணன் புதிதாக டிராக்டர் வாங்கியிருந்தார். அது தெருவிலேயே வெயில் காய்ந்தது. தம்பி வீட்டு மேற்கு அறை நடுவில் நிற்கவில்லை என்றால் வண்டியைக் கொல்லைக்கு ஓட்டிவிடலாம் என்று அவர் எல்லாரிடமும் புலம்பியிருக்கிறார். தையல்காரியைத் தவிர எல்லாரிடமும். நாங்கள் சொல்லியிருக்கலாம். அவள் கேட்கவில்லையே.

அவரே ஏறினார். ஒவ்வோர் ஓட்டையும் தூங்குகிற குழந்தையை இறக்குவது மாதிரி இறக்கினார். மாலைக்குள் வீடு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மறுநாள் காலை கட்டட இன்ஸ்பெக்டர் வந்தார். ஸ்கூட்டரை நிறுத்தியது அண்ணன் வாசலில். தண்ணீர் குடித்ததும் அங்கேதான். பிறகு இந்தப் பக்கம் வந்து அண்ணாந்து பார்த்தார்.

“கூரை எங்கம்மா?”

“மாத்திட்டிருக்கோம் சார்.”

“எதை மாத்தறீங்க? மேல ஒண்ணுமே காணோமே. கூரை இல்லாட்டி இது வீடில்ல, வெறும் சுவரு. இனிமே போட்டா புது வீடு. கிழக்கால பொதுச் சுவரு, அது பரவால்ல. மேற்கால இடம் விடணும்.”

“உள்ள மிஷின் இருக்கு, அடுப்பு இருக்கு. வீடில்லையா சார்?”

“கடையிலகூடத்தான் அடுப்பு இருக்கு.” கொஞ்சம் இரங்கினார். “பக்கத்து இடத்துக்காரர் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டா பழைய சுவர் மேலயே போட்டுக்கலாம். பக்கத்துல யாரு?”

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. “எங்க மாமாதான் சார்!”

நான் என் வாசலைப் பெருக்குவதில் மும்முரமானேன். காது மட்டும் அங்கேயே இருந்தது.

அவள் மாமா என்று கூப்பிடும் அண்ணன் டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். “போடறதுக்கு என்னம்மா. ஆனா அந்தச் சுவர் என் பக்கம் சாஞ்சிட்டா? புள்ளைங்க ஓடியாடற இடம்.”

“இத்தனை வருஷம் சாயாதது இப்பவா மாமா சாயப்போகுது?”

“இத்தனை வருஷம் கூரை பிடிச்சிட்டிருந்துச்சு.”

“நீங்கதானே ஏறி இறக்கினீங்க?”

“நீ கேட்டே, செஞ்சேன். உதவி பண்ணது ஒரு குத்தமா?”

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். “வாயைத் திறங்களேன்.”

ஆமாஞ்சாமி அண்ணனைப் பார்த்தான், டிராக்டரைப் பார்த்தான். “அண்ணன் சொல்றதும் சரியாத்தானே இருக்கு” என்றான்.

மழைக்காலம் தலைக்கு மேல் நின்றது. தார்ப்பாய் கட்டலாமாம், ஆணி அடிக்கக் கூடாதாம். ஆணி அடித்தால் அது கூரையாகிவிடுமாம். ஆணி இல்லாத தார்ப்பாயை முதல் காற்றே தூக்கி அண்ணன் வீட்டின் மேல் போட்டது. அவர் அதை நீட்டாக மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குள் தைக்கக் கொடுத்த துணிகளெல்லாம் நனைந்து, ஒன்றின் சாயம் இன்னொன்றில் ஏறிவிட்டது. தெருவே திரண்டுபோய் அவளிடம் நியாயம் கேட்டது. நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு வார்த்தைதான். அவள் நனைந்த துணிகளை ஒவ்வொன்றாகப் பிழிந்துகொண்டிருந்தாள். அந்த வாய் அன்று அடைத்துக்கொண்டது.

அந்த வாரமே மேற்கு அறையை இடித்தார்கள். மிஷின் இருந்த அறை அதுதான்; ஒடுக்கமானது, மிச்சமில்லாமல் போயிற்று. அனுமதி உடனே வந்தது. மீதி வீட்டின் மேல் கூரை ஏறியது: ஒரே நீலம், ஓர் ஒட்டு இல்லை. அதன் கீழே ஒரே அறை. அடுப்பை ஒட்டி மிஷின். கரி படியும் என்று வெள்ளைத் துணி தைப்பதை அவள் விட்டுவிட்டாள்.

அண்ணன் நல்ல நேரம் பார்த்து டிராக்டரைக் கிளப்பினார். தெருவே வேடிக்கை பார்த்தது. முன்சக்கரங்கள் நுழைந்தன. பின்சக்கரங்கள் இரண்டு பக்கமும் உரசி நின்றன. இறங்கிப் பார்த்தார், ஏறினார், திரும்பவும் இறங்கினார். வண்டி பின்னோக்கியே வந்து பழைய இடத்தில் நின்றது.

தையல்காரி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பரவால்ல” என்றார் அண்ணன். “இடம் சும்மாத்தானே கிடக்குது. விறகு அடுக்கிக்கலாம்.”

அந்த இடம் இன்னமும் அவள் வீட்டைச் சேர்ந்ததுதான். அதைச் சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். அதற்குள் ஆமாஞ்சாமி முதல் கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.